மாற்று சிறுநீரகம் உள்ள அம்மாவுக்கு லிங்ஜி பொடி கொடுக்கலாமா?

வணக்கம் தம்பி. காரைக்குடியில் உங்கள் அம்மாவுக்குச் சிறுநீரகம் மாற்றி இரண்டு வருடம் ஆகிறது, டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடுகிறார், பினாங்கு மாமா எதிர்ப்புச் சக்திக்கென்று லிங்ஜி காளான் பொடி கொண்டுவந்திருக்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம்.

காளானின் செல் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. நம் வெள்ளணுக்கள் சிலவற்றின் மேல் டெக்டின்-1 என்ற ஏற்பி உண்டு. அது இந்தச் சங்கிலியைப் பிடித்ததும், பூஞ்சை நுழைந்துவிட்டது என்று அணு விழித்துக்கொள்ளும். மற்றவர்களுக்கு இதைத்தான் நன்மை என்று சொல்லி விற்கிறார்கள். அம்மாவின் மாத்திரையோ, புதுச் சிறுநீரகத்தைத் தாக்காதபடி அந்த வெள்ளணுப் படையை அடக்கிவைக்கிறது. அடக்குவதையும் எழுப்புவதையும் ஒரே உடம்பில் செய்யலாமா?

ஜப்பானில் 1977இல் வேறொரு காளானின் சாற்றைப் புற்றுநோய் மருந்தாக அனுமதித்தார்கள். அது அளந்து எடுத்த மருந்து, டப்பாப் பொடி அல்ல.

மலேயாவிலிருந்து வந்தது என்றாலே நம் வீடுகளில் தனி மதிப்பு. என் அத்தைக்கும் இப்படி ஒரு டப்பா வந்தது. பழுப்புப் பொடி, வேப்பங்கொழுந்துக் கசப்பு, கருப்பட்டி போட்டுக் குடித்தார். அவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர், ரத்தக்கசிவு வரலாம் என்று டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார்.

ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவும் பார்ப்பார். மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடக்கூடாது. நன்றாக வெந்த காளான் மிளகு வறுவல் வேறு விஷயம், அது சாப்பாடு. மாமா மனம் நோகுமே என்றால் டப்பாவோடு அவரையும் அழைத்துப்போய், டாக்டர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள்.