முதல் போட்டோ எடிட்டிங் மென்பொருள்: எதை எடுப்பது, எதற்குப் பணம் கொடுப்பது?

கேள்வி: பொழுதுபோக்காகப் படமெடுக்கிறேன். மிரர்லெஸ் கேமரா ஒன்று வைத்திருக்கிறேன். எடிட்டிங்குக்கு லைட்ரூம், போட்டோஷாப், கிம்ப், டார்க்டேபிள் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். புதிதாகக் கற்பவருக்கு எது சரி?

பதில்: இந்த நான்கும் ஒரே வேலைக்கானவை அல்ல; குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. லைட்ரூமும் டார்க்டேபிளும் மெமரி கார்டிலிருந்து மொத்தமாக வரும் படங்களில் நல்லதைப் பொறுக்கி, வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்து எக்ஸ்போர்ட் செய்வதற்கானவை. மூலக் கோப்பை அவை தொடுவதே இல்லை. நீங்கள் எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்தினீர்கள் என்ற குறிப்பை மட்டும் தனியே எழுதி வைத்துக்கொள்ளும். போட்டோஷாப்பும் கிம்பும் ஒரு படத்தை எடுத்து லேயர் லேயராக வேலை செய்பவை: இரண்டு படங்களை ஒட்டுவது, பின்னணியை மாற்றுவது, எழுத்துச் சேர்ப்பது. பொழுதுபோக்காகப் படமெடுப்பவருக்கு அன்றாடம் தேவைப்படுவது முதல் வகைதான். இரண்டாவது வகையை, அது இல்லாமல் முடியாத படம் ஒன்று வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, கேமராவில் நீங்கள் எடுப்பது ராவா (சென்சார் பதிவு செய்த தகவல் அப்படியே உள்ள கோப்பு), ஜேபெக்கா (கேமராவே மெருகேற்றிச் சுருக்கிய படம்) என்று பாருங்கள். ஜேபெக் 8 பிட் கோப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். இருட்டாக விழுந்த முகத்தை இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சத்துக்கு, தூக்கினால் ஜேபெக்கில் நிழல் திட்டுத்திட்டாகும், வானம் பட்டை பட்டையாகப் பிரியும். ராவில் பெரும்பாலும் தாங்கும். ஜேபெக் மட்டும் எடுத்து, அதில் கொஞ்சம் கிராப்பும் வெளிச்சமும் மாற்றினால் போதும் என்றால் பணம் செலவழிக்கவே வேண்டாம். கைபேசியில் ஸ்னாப்சீட் போதும்.

ரா எடுக்கிறீர்கள், சந்தா கட்டவும் தயார் என்றால் லைட்ரூம் கிளாசிக் எடுங்கள். கற்பதற்கு அதுவே எளிது. ஸ்லைடர்கள் மேலிருந்து கீழாக, வேலை செய்ய வேண்டிய வரிசையிலேயே கிட்டத்தட்ட அமைந்திருக்கின்றன. வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள்: ‘லைட்ரூம்’ வேறு, ‘லைட்ரூம் கிளாசிக்’ வேறு. முன்னது படங்களை கிளவுடில் வைத்துக் கைபேசி, டேப்லெட், கணினி எல்லாவற்றிலும் திறக்க உருவானது. இணையம் மெதுவானால் 25 எம்பி கோப்புகளை ஏற்றியே நாள் போய்விடும். கிளாசிக் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் ஃபோல்டர்களிலேயே வேலை செய்யும்.

பணம் கொடுக்க விருப்பமில்லை என்றால் ராதெரபியில் தொடங்குங்கள். டார்க்டேபிளைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். அது ஆழமான மென்பொருள். படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாஸ்க் செய்து திருத்துவதில் ராதெரபியைவிடக் கைகொடுக்கும். ஆனால் ஒரே வேலைக்கு அதில் நான்கைந்து மாட்யூல்கள் (தனித்தனித் திருத்தக் கருவிகள்) இருக்கும், எது எதோடு மோதும் என்பது புதியவருக்குத் தெரியாது. உதாரணமாக ‘ஃபில்மிக்’, ‘சிக்மாய்டு’ இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் படம் செத்துப்போகும். ‘கலர் கேலிபிரேஷன்’ இயங்கிக்கொண்டிருக்கும்போது பழக்க தோஷத்தில் ‘ஒயிட் பேலன்ஸ்’ மாட்யூலையும் மாற்றினால் நிறத் திருத்தம் இரண்டு முறை ஏறி, எச்சரிக்கை வந்து நிற்கும். அப்போது ஒயிட் பேலன்ஸை பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, நிறத்தை கலர் கேலிபிரேஷனில் மட்டும் மாற்ற வேண்டும். ராதெரபி ரா கோப்பைத் திறக்கும்போதே, அதற்குள் பொதிந்திருக்கும் கேமரா ஜேபெக்கைப் பார்த்து அதற்கு ஒத்த டோன் வளைவை (படத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் அமைக்கும் கோடு) தானே போட்டுக்கொள்ளும். தொடக்கமே பழகிய படமாக இருப்பதால் மனம் தளராது.

கேள்வி: கேமரா நிறுவனமே இலவசமாக ஒரு மென்பொருள் தருகிறதே, அது போதாதா?

பதில்: பலருக்குப் போதும், ஆனால் முயன்று பார்க்காமலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். கேனானின் டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல், நிக்கானின் என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனியின் இமேஜிங் எட்ஜ் ஆகியவை அந்தந்த கேமராவின் நிறத்தை அப்படியே கொண்டுவரும். கேமராவில் வைத்த பிக்சர் ஸ்டைல் போன்ற அமைப்புகளை முழுமையாகப் புரிந்துகொள்பவையும் அவைதான். ஃபியூஜிஃபிலிமின் எக்ஸ் ரா ஸ்டுடியோ இன்னும் வித்தியாசமானது: கேமராவை யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் கேமராவுக்குள் இருக்கும் சிப்பே படத்தை உருவாக்கித் தரும்.

குறைகள்: பொதுவாக வேகம் குறைவு, மாஸ்க் வசதி சொற்பம், நாளை வேறு நிறுவனத்தின் கேமராவுக்கு மாறினால் பழகியதெல்லாம் வீண். அடுத்த சில ஆண்டுகளுக்கு இதே கேமராதான் என்றால் முதலில் இதில் பழகிவிட்டு, எது போதவில்லை என்று தெரிந்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: கேமரா திரையில் அழகாகத் தெரிந்த படம் எடிட்டிங் மென்பொருளில் திறந்ததும் மங்கலாக, இருட்டாகத் தெரிகிறது. மென்பொருள் கோளாறா?

பதில்: இல்லை. கேமரா திரையில் நீங்கள் பார்ப்பது ரா கோப்பு அல்ல, கேமரா ஏற்கெனவே மெருகேற்றிய ஜேபெக். மென்பொருள் அதைத் தள்ளிவிட்டு சென்சார் தகவலிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. லைட்ரூமில் புரொஃபைல் பகுதியில் ‘கேமரா மேச்சிங்’ என்ற தொகுப்பிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பகுதி சரியாகிவிடும்.

இருட்டுக்கு வேறொரு காரணமும் உண்டு. கேனானின் ஹைலைட் டோன் பிரையாரிட்டி, நிக்கானின் ஆக்டிவ் டி-லைட்டிங் போன்றவை வெளிச்சமான பகுதி வெளுத்துப்போகாமல் இருக்க வெளிச்சத்தைக் குறைத்துப் பதிவு செய்து, பிறகு நிழலை மட்டும் தூக்கும். அந்தத் தூக்கல் பிற நிறுவன மென்பொருளில் வராமல் போகலாம். ரா எடுப்பவர்கள் இவற்றை கேமராவில் அணைத்துவைப்பது நல்லது.

கேள்வி: சந்தாவை நிறுத்திவிட்டால் என் படங்களும் எடிட்டிங்கும் என்ன ஆகும்?

பதில்: வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. லைட்ரூம் கிளாசிக்கைப் பொறுத்தவரை படங்கள் உங்கள் டிஸ்கில்தான் இருக்கின்றன. அவை எங்கும் போகாது. சந்தா முடிந்த பிறகும் மென்பொருள் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், திருத்தியவற்றை எக்ஸ்போர்ட் செய்யலாம். டெவலப், மேப் பகுதிகள் பூட்டிக்கொள்ளும். புதிதாகத் திருத்த முடியாது.

பெரிய இழப்பு வேறு இடத்தில். ஒரு மென்பொருளில் செய்த திருத்தத்தை இன்னொன்று அப்படியே படிக்காது. திருத்தக் குறிப்புகளைப் படத்தின் பக்கத்திலேயே எழுதிவைக்கும் எக்ஸ்எம்பி கோப்பு எல்லா மென்பொருளுக்கும் பொது என்பார்கள். நட்சத்திர மதிப்பீடு, குறிச்சொற்கள், தலைப்புகள் போகும். ஸ்லைடர் மாற்றங்களில் பெரும்பாலானவை போகாது. ஆகவே பிடித்த படங்களை, சந்தா இருக்கிறதோ இல்லையோ, முழு அளவில் ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்து தனி ஃபோல்டரில் வையுங்கள். மேலும் திருத்த வாய்ப்புள்ளவற்றை தரம் குறையாத 16 பிட் டிஃப் கோப்பாக வைக்கலாம். 24 மெகாபிக்சல் படம் ஒன்று சுருக்காத நிலையில் ஏறக்குறைய 144 எம்பி வரும் என்பதால் தேர்ந்தெடுத்தே வையுங்கள்.

பணம் செலுத்தும் பக்கத்தில் ‘மாதக் கட்டணம்’ என்று பெரிதாக இருப்பது பல நேரங்களில் ஓராண்டு ஒப்பந்தத்தின் மாதத் தவணைதான். அடோபி சந்தாவில் முதல் 14 நாளுக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பும். அதற்குப் பிறகு இடையில் நிறுத்தினால் ரத்துக் கட்டணம் விழும். ‘ஒருமுறை வாங்கினால் போதும்’ என்ற வகையிலும் கவனம் தேவை. போட்டோஷாப் எலிமென்ட்ஸ், 2025 பதிப்பிலிருந்து, மூன்றாண்டு உரிமமாகத்தான் விற்கப்படுகிறது. அஃபினிட்டி கதை நேர்மாறு: விலைக்கு விற்ற அந்த மென்பொருளை 2024-இல் கேன்வா நிறுவனம் வாங்கி, 2025 இறுதியில் இலவசமாக்கிவிட்டது. கேன்வா கணக்கு மட்டும் வேண்டும். போட்டோஷாப் வகை வேலைக்கு ஒன்று தேடுபவர் முதலில் இதைப் பார்க்கலாம்.

கேள்வி: புது கேமரா வாங்கினேன். பழைய மென்பொருளில் அதன் ரா கோப்புகள் திறக்கவில்லை. மென்பொருளையும் மாற்ற வேண்டுமா?

பதில்: உடனே வேண்டாம். ஒவ்வொரு மாடலின் ரா கோப்பையும் மென்பொருள் தனித்தனியாகக் கற்றாக வேண்டும். பழைய பதிப்புகளுக்கு அந்தப் புதுப்பிப்பு வராது. அடோபி டிஎன்ஜி கன்வெர்ட்டர் என்ற இலவசக் கருவியில் கோப்புகளை டிஎன்ஜியாக (அடோபியின் பொதுவான ரா வடிவம்) மாற்றினால் பழைய லைட்ரூம், போட்டோஷாப் திறக்கும். மூல ரா கோப்பை அழித்துவிடாதீர்கள். கேமரா நிறுவனத்தின் மென்பொருள் டிஎன்ஜியைத் திறக்காமல் போகலாம்.

கேள்வி: டிரையல் பதிப்பு தருகிறார்கள். அதில் என்ன பார்த்து முடிவு செய்வது?

பதில்: நிறுவனம் தரும் மாதிரிப் படத்தில் எல்லா மென்பொருளும் அற்புதமாகத்தான் இருக்கும். உங்கள் கஷ்டமான படங்களைக் கொடுங்கள். எதிர்வெளிச்சத்தில் எடுத்த முகம் ஒன்று; ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் வீட்டுக்குள் எடுத்தது ஒன்று; மேகம் வெளுத்துப்போன வானம்; வைட் லென்ஸில் சாய்ந்துபோன கட்டடம்; குழல்விளக்கும் ஜன்னல் வெளிச்சமும் கலந்து தோல் நிறம் கெட்ட படம். இவற்றோடு ஒரே இடத்தில் தொடர்ந்து எடுத்த 50 படங்கள். எல்லாவற்றையும் நகலெடுத்துத் தனி ஃபோல்டரில் போட்டு, அதை மட்டும் மென்பொருளுக்குக் காட்டுங்கள்.

அந்த 50 படங்கள்தான் உண்மையான தேர்வு. ஒன்றைத் திருத்தி, அதே திருத்தத்தை மற்றவற்றுக்கு எத்தனை கிளிக்கில் கொண்டுபோக முடிகிறது, கிராப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நகலெடுக்க முடிகிறதா, ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போக எத்தனை நொடி காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு படத்துக்கு மூன்று நொடி தாமதம் சிறிதாகத் தோன்றும். ஒரு சுற்றுலாவின் 600 படங்களில் அது அரை மணி நேரம். பிறகு மென்பொருளை மூடிவிட்டு, ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றித் திறந்து பாருங்கள். கேட்டலாக் (எந்தப் படம் எங்கே இருக்கிறது, அதில் என்ன திருத்தம் என்ற பதிவேடு) வைத்து இயங்குபவை ‘படம் காணவில்லை’ என்று சொல்லும். மறுபடி இடத்தைக் காட்டுவது எப்படி என்று அப்போதே கற்றுக்கொண்டால் பின்னால் பதற வேண்டியதில்லை. இனி ஃபோல்டரை நகர்த்துவதையும் பெயர் மாற்றுவதையும் மென்பொருளுக்குள்ளேயே செய்யுங்கள்.

இரண்டு மூன்று டிரையல்களை ஒரே நாளில் நிறுவாதீர்கள். ஏழே நாளில் முடிபவை உண்டு. ஒன்றைப் பார்ப்பதற்குள் மற்றது காலாவதியாகிவிடும்.

கேள்வி: 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதுமா?

பதில்: 24 மெகாபிக்சல் வரை, மற்ற புரோகிராம்களை மூடிவிட்டால் ஓடும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. ஏஐ முறையில் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்பு) குறைக்கும் வசதிக்கு ராம் மட்டும் போதாது, நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். இல்லாவிட்டால் ஒரு படத்துக்கே பல நிமிடம் பிடிக்கும். அந்த வசதிக்காகவே ஒரு மென்பொருளை வாங்க நினைத்தால் உங்கள் கணினியில் டிரையல் ஓட்டாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: தினமும் கேட்டலாக்கை பேக்கப் எடுக்கிறேன். படங்கள் பத்திரம்தானே?

பதில்: இல்லை. லைட்ரூம் கிளாசிக் எடுக்கும் கேட்டலாக் பேக்கப்பில் திருத்தக் குறிப்புகள் மட்டுமே இருக்கும், ஒரு படம்கூட இருக்காது. படங்கள் உள்ள ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்குக்கு நீங்கள்தான் தனியாக நகலெடுக்க வேண்டும். கேட்டலாக் பேக்கப்பையும் அந்த வெளி டிஸ்கிலேயே வையுங்கள். கணினியின் அதே டிரைவில் இருந்தால் டிரைவ் போகும்போது இரண்டும் சேர்ந்து போகும்.