ஒன்பதாம் வகுப்பின் வாசல்

ஐயா, நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியை. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த பத்தாண்டுகளுக்கான தொலைநோக்குத் திட்டம் ஒன்றை எழுத விரும்புகிறது. தேர்ச்சி விழுக்காட்டைத் தாண்டி அதில் எவை இடம்பெற வேண்டும்? கணினி, ஆங்கிலப் பேச்சு, தலைமைப் பண்பு ஆகியவற்றைச் சேர்க்கலாமா? மெல்லக் கற்கும் மாணவர்கள் நான்கு பேரை ஒன்பதாம் வகுப்போடு தொழிற்பயிற்சிக்கு அனுப்பிவிடலாம் என்றும் ஒரு கருத்து உள்ளது.

அன்புள்ள ஆசிரியைக்கு,

கணினியும் ஆங்கிலப் பேச்சும் தாராளமாக இருக்கட்டும். தலைமைப் பண்பைப் பாடமாக நடத்த முடியும் என்று நான் நம்பவில்லை. உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது 'அனுப்பிவிடலாம்' என்ற சொல்தான். சில மாதங்களாகவே அந்தச் சொல் என் மனத்தில் கிடக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் என் அருகே அமர்ந்திருந்தவன் தலைமையாசிரியரின் சைக்கிளுக்கே பஞ்சர் ஒட்டிக் கொடுத்தவன். ஆண்டு இறுதியில் அவனுடைய அப்பாவை வரவழைத்து, பத்தாம் வகுப்பில் தோற்றால் பையனுக்குத்தான் அவமானம் என்று சொல்லி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எழுத்தறியாத அந்த மனிதர் வராந்தாவில் நின்ற என்னிடம் அதை நீட்டி, "என்னப்பா எழுதியிருக்கு, படி" என்றார். பள்ளியை விட்டு நீங்கியதற்கான காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதியிருந்தது. நான் படித்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறு ஆண்டு எங்கள் பள்ளி நூறு விழுக்காடு தேர்ச்சி பெற்றது. அந்த நூறில் நானும் ஒருவன்.

இந்த மாநிலத்தின் பொதுக்கல்விக்குத் தொலைநோக்கு என்று ஒன்று இருந்ததென்றால், அது பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவருவதாகத்தான் இருந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982இல் விரிந்த சத்துணவும், 2022இல் வந்த காலை உணவும் எந்தப் பிள்ளையிடமும் மதிப்பெண் கேட்டதில்லை. நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த நாட்களில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளுக்கு ஊரார் நிலமும் பெஞ்சும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று யாரும் கொடுக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒரு பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது. அந்தக் காவல் முடிந்த மறு ஆண்டே, பொதுத்தேர்வுக்கு முன்பாக, நாம் வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறோம். இதைச் செய்துகொண்டு பத்தாண்டுத் திட்டம் எழுத உட்காருவது வெட்கக்கேடு, அம்மா. உங்களைத்தான் சொல்கிறேன், அந்தக் கருத்து யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை, மறுத்துப் பேசியதாகவும் எழுதவில்லை.

மேலதிகாரிகள் கூட்டத்தில் விழுக்காட்டைக் கேட்டு உங்களை நிற்கவைப்பார்கள் என்பதை அறிவேன். அந்த வலி சிறியதன்று. ஆனாலும் திட்டத்தின் முதல் பக்கத்தில், ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், பத்தாம் வகுப்பை எத்தனை பேர் முடித்தார்கள், இடையில் போனவர்கள் இன்று எந்தப் பட்டறையில், எந்த மில்லில், யார் வீட்டு அடுப்படியில் இருக்கிறார்கள் என்று பெயர் பெயராக எழுதுங்கள். தொழில் கற்க விரும்பும் பிள்ளை பத்தை முடித்துவிட்டும் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போகலாம்.

கோடை விடுமுறைக்குள் அந்த நால்வரின் வீட்டுக்கும் ஒருமுறை போய்வாருங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும், அவர்கள் வந்தார்களா என்று எனக்கு எழுதுங்கள்.