மெட்டர்னிட்டி லீவுல ஒரு நாள் வேலைக்குப் போனேன், எஸ்எம்பில கை வெச்சுட்டாங்க

கேள்வி: அண்ணா, லண்டன் ஈஸ்ட் ஹாம்ல ஒரு ஃபார்மசில வேலை பாக்கறேன், வார சம்பளம். இப்போ மெட்டர்னிட்டி லீவு, அஞ்சாவது மாசம். புது சாஃப்ட்வேர் ட்ரெய்னிங்னு கூப்டாங்க, 3 மணி நேரம் இருந்துட்டு வந்தேன். அந்த வார பேஸ்லிப்ல எஸ்எம்பி, அதாவது மெட்டர்னிட்டி லீவுல சட்டப்படி வாரா வாரம் வர்ற பணம், 187.18 பவுண்டுக்கு பதிலா 160.44 தான் இருக்கு, அதுக்கு கீழ 42 பவுண்டு சம்பளம். இது சரியா?

பதில்: சரியில்லம்மா. 187.18ஐ ஏழால வகுத்தா 26.74 வரும், வேலை பாத்த நாளுக்கு எஸ்எம்பி கிடையாதுன்னு நெனச்சு அதைக் கழிச்சிருக்காங்க. பிரிட்டன் சட்டப்படி லீவுக்குள்ள 10 நாள் வரைக்கும் வேலை பாக்கலாம், கிட் டேஸ்னு சொல்வாங்க, அந்த பத்து நாளுக்குள்ள எஸ்எம்பில ஒரு பென்னி குறையக்கூடாது. தத்தெடுத்தவங்களுக்கும் இதே 10 நாள்தான்.

பேஸ்லிப்ல ரெண்டு வரி இருக்கணும், எஸ்எம்பி முழுசா ஒண்ணு, கிட் டே சம்பளம் தனியா ஒண்ணு, ரெண்டும் டாக்ஸ், என்ஐ (தேசிய காப்பீடு) கணக்குல வரும். சில கம்பெனி காண்ட்ராக்ட்ல அன்னிக்கு சம்பளம் எஸ்எம்பியையும் சேர்த்துதான்னு எழுதியிருப்பாங்க, அப்படி இருந்தாலும் சம்பள வரிதான் குறையும், எஸ்எம்பி வரி அப்படியே நிக்கணும். ஏன்னா கொடுத்த எஸ்எம்பியை முதலாளி ஹெச்எம்ஆர்சி (பிரிட்டன் வரித்துறை) கிட்ட திரும்ப வாங்கிக்கலாம், பெரிய கம்பெனின்னா 92 சதவீதம், சின்ன கடைன்னா முழுசும் அதுக்கு மேல கொஞ்சமும். கிட் டே சம்பளத்தை அப்படி வாங்க முடியாது. அதனால ரெண்டையும் கலந்தா அவங்க கணக்கும்தான் குழம்பும்.

எனக்கு 26.74ஐ விட பெரிய கவலை அந்த 3 மணி நேரம். அரை மணி நேரம் போனாலும் முழு ஒரு நாள் கழிஞ்சிடும், உங்களுக்கு இனி 9தான் மிச்சம். கிட் டேக்கு எவ்ளோ சம்பளம்ங்கறது நீங்களும் முதலாளியும் பேசி முடிவு பண்றது, பாத்த நேரத்துக்கு மினிமம் வேஜுக்கு கீழ போகக்கூடாது, அவ்ளோதான். அதனால அடுத்த தடவை கூப்டா முழு நாள் சம்பளம் கேளுங்க, இல்லன்னா முழு நாள் வேலையா குடுங்கன்னு சொல்லுங்க. வரமாட்டேன்னும் சொல்லலாம், அதுக்காக உங்கள ஒண்ணும் பண்ண முடியாது.

பதினோராவது நாள் மட்டும் போயிடாதீங்க, அந்த வாரத்து எஸ்எம்பி முழுக்க போயிடும். முடிஞ்சா மிச்ச நாட்களை 39 வாரம் தாண்டி வெச்சுக்கோங்க, கடைசி 13 வாரம் எஸ்எம்பியே வராது, கையில காசு இல்லாத நேரத்துல அந்த ஒரு நாள் சம்பளம் பெரிய உதவியா இருக்கும்.

இப்போதைக்கு பேரோல் பாக்கறவங்களுக்கு ஒரு ஈமெயில் போடுங்க, போன தேதி, எத்தனை மணி நேரம், யார் கூப்டாங்கன்னு எழுதி, இது முதல் கிட் டேன்னு குறிச்சு, 26.74ஐ அடுத்த பேஸ்லிப்ல சேர்க்க சொல்லுங்க. மறுத்தா ஏன்னு எழுத்துல கேளுங்க, அப்பவும் அசையலன்னா ஹெச்எம்ஆர்சில இந்த மாதிரி தகராறு பாக்கறதுக்குன்னே ஒரு டீம் இருக்கு, அவங்களே முடிவு சொல்வாங்க.