பூமியை விற்க வேண்டாம், அந்த ஈசிஜி தாளைப் பாருங்கள்

போன வாரம் கவுந்தப்பாடிப் பக்கமிருந்து ஒரு குடும்பம் மகளின் படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, தாய்மாமன், நடுவில் வாயே திறக்காமல் மகள், அம்மணி. இரண்டு முறை நீட் எழுதியும் அரசு சீட்டுக்கான மார்க் வரவில்லை. "வாய்க்கால் பாசனத்துப் பூமி ரெண்டு ஏக்கரைக் குடுத்துட்டா மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்த்துடலாமுங்க" என்றார் மாமா. அப்பா என் முகத்தையே பார்த்தார். ஆறுதல் சொல்லத்தான் நினைத்தேன். கணக்குப் போட்டதும் மனம் மாறிவிட்டது.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்பிபிஎஸ் முடிக்க ஒரு கோடிக்கு மேல் ஆகும். முடித்த கையோடு எம்டி எங்கே என்று இதே சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பூமி போனால் அடுத்த பிள்ளைக்கு என்ன மிச்சம்? வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டேன்.

"உனக்கு என்ன கண்ணு பிடிக்கும்?" என்று கேட்டேன். பையிலிருந்து மடித்த ரோஸ் நிறத் தாளை எடுத்தாள். அவள் அப்புச்சியின் (அம்மாவைப் பெற்ற தாத்தா) ஈசிஜி, இதயத்தின் மின்துடிப்பைக் கோடாக வரையும் பதிவு. "இந்தச் சின்ன மேட்டுக்கும் பெரிய கூம்புக்கும் நடுவுல கோடு ஏனுங்க சார் சமமாப் போகுது?" இதயத்தின் மேலறையில் கிளம்பும் மின்துடிப்பு, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏவி கணுவில் சுமார் 0.1 நொடி தயங்கி நிற்கும், அதற்குள் கீழறை ரத்தத்தால் நிரம்பிக்கொள்ளும் என்றேன். ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி என்று சொன்னதுதான் தாமதம், விரல் வைத்து எண்ண ஆரம்பித்துவிட்டாள். இவளுக்கு வேண்டியது உடலியங்கியல். டாக்டர் பட்டம் மாமாவுக்கு வேண்டியது.

உடலியங்கியலைத் தனிப் பட்டமாகப் படிக்கும் வழக்கம் மேற்கு வங்கத்தில் உண்டு. கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் 1900-லேயே அதற்குத் துறை வந்துவிட்டது. அவ்வளவு தூரம் அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. சரி, இங்கேயே ஒன்று இருக்கிறது: எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி, அதாவது இதயப் பரிசோதனைத் தொழில்நுட்பம். மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் கவுன்சலிங். அரசுக் கல்லூரியில் கிடைத்தால், நாலு மூட்டை சர்க்கரை விற்ற காசுக்குள் ஒரு வருடக் கட்டணம் அடங்கிவிடும்.

முதலில் உடற்கூறியல், உடலியங்கியல். அப்புறம் ஈசிஜி, நடக்கவைத்து ஈசிஜி எடுக்கும் டிரெட்மில், இதயத்தை ஒலி அலையால் படம் பார்க்கும் எக்கோ, ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தும் கேத் லேப். கேத் லேபில் இதயத்துக்குள் குழாய் நகர நகர, திரையில் அழுத்த அலை மாறும். வலது கீழறையில் 25 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருப்பது இடது கீழறையில் 120-க்கு எகிறும். குழாயின் நுனி ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டால் அலை சட்டென்று தட்டையாகும். அதைப் பார்த்தவுடன் டாக்டருக்குக் குரல் கொடுக்க வேண்டியவர் டெக்னாலஜிஸ்ட். புத்தகத்தில் படித்த உடலியங்கியல் அங்கே கண்முன்னால் ஓடும்.

கஷ்டமும் உண்டு. ஆரம்பச் சம்பளம் குறைவு, நைட் டூட்டி இருக்கும், எக்ஸ்ரே கதிரைத் தடுக்கப் போடும் ஈய அங்கியின் கனத்தில் தோள் வலிக்கும். எக்கோவில் கை தேற வருடங்கள் பிடிக்கும். இதையெல்லாம் அம்மணியிடமே சொன்னேன். தலையாட்டினாள், தாளை மட்டும் கீழே வைக்கவில்லை.

"டெக்னீசியன்னா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாங்க?" என்றார் மாமா. பதினெட்டு வயதுப் பிள்ளையின் படிப்பை இன்னும் வராத மாப்பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்ய முடியாது என்றேன். அப்பா அப்போதுதான் முதல் முறையாகப் பேசினார்: "அப்ளிகேசன் எப்பங்க வரும்?"