பண்ணை அருங்காட்சியக மாநாட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஆல்ஃபாம் (ALHFAM) என்ற அருங்காட்சியகச் சங்கம் நடத்தும் வட்டார மாநாட்டுக்குப் புதிதாகச் செல்லும் ஊழியர்கள் கேட்டவற்றுக்கு மூத்த உறுப்பினர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: ஆண்டு மாநாடு இருக்கும்போது வட்டார மாநாடு எதற்கு?

பதில்: வாழும் வரலாறு (அந்தக் கால வாழ்க்கையை நடத்திக் காட்டுவது), பண்ணை, வேளாண் அருங்காட்சியகங்களுக்கான இந்தச் சங்கம் 1970-இல் மாசசூசெட்ஸின் ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ் அருங்காட்சியகத்தில் தொடங்கியது. ஆண்டு மாநாட்டில் உலகத்தைப் பார்க்கலாம். வட்டார மாநாட்டில் உங்களுடைய அதே மண்ணோடும் அதே பனியோடும் மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்க்கலாம். அவசரத்துக்கு நுகத்தடி இரவல் தரப்போகிறவர்கள் அவர்கள்தான்.

கேள்வி: ஒருவரைத்தான் அனுப்ப முடியும். நிர்வாகியா, களப்பணியாளரா?

பதில்: களப்பணியாளர். சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: என்ன உடுத்துவது? பூட்ஸ் கொண்டுபோகலாமா?

பதில்: திறந்த அடுப்புச் சமையல் பயிற்சி இருந்தால் பாலியெஸ்டர் கூடவே கூடாது, உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி சட்டென்று தீப்பற்றாது. பருத்தி பற்றும், ஆகவே பாவாடை விளிம்பில் ஒரு கண் இருக்கட்டும்.

பூட்ஸ் விஷயத்தில் நான் கறாரானவன். உங்கள் தொழுவத்துச் சாணத்தோடு அடுத்தவர் தொழுவத்தில் கால் வைக்காதீர்கள். 2024 முதல் பறவைக் காய்ச்சல் அமெரிக்கக் கறவை மாடுகளிலும் காணப்படுகிறது. கிருமிநாசினியில் முக்கினால் மட்டும் போதாது; மண்ணும் சாணமும் ஒட்டியிருந்தால் மருந்து வேலை செய்யாது. முதலில் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். முடிந்தால் வேறு பூட்ஸ் கொண்டுவாருங்கள். அரிய இனக் கால்நடைகளை இழந்தால் கடையில் போய் வாங்க முடியாது.

கேள்வி: ஏர் பிடித்ததே இல்லை. உழவுப் பயிற்சியில் சேரலாமா?

பதில்: அவசியம் சேருங்கள். குதிரை இழுக்கும் இரும்புக் கலப்பையில் புதியவர்கள் எல்லோரும் மேழியை, அதாவது கைப்பிடியை, முழுப் பலத்தோடு கீழே அழுத்துவார்கள். அழுத்தினால் கொழு, அதாவது மண்ணைக் கிழிக்கும் முனை, மேலே எழும்பிவிடும். மேழியைச் சற்றுத் தூக்கினால்தான் மண்ணுக்குள் இறங்கும். இதை எத்தனை முறை சொல்லிக் கேட்டாலும் மனத்தில் நிற்காது. பத்தடி உழுதால் கை கற்றுக்கொள்ளும்.

கேள்வி: பார்வையாளர்களிடம் அந்தக் காலத்து மனிதராகவே பேசுவதா, இன்றைய மனிதராக விளக்குவதா? எங்கள் ஊழியர்களிடையே இதே சண்டை.

பதில்: மாசசூசெட்ஸில் உள்ள பிளிமத் பட்டக்செட் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். ஆங்கிலேயர் குடியிருப்பில் 17-ஆம் நூற்றாண்டு மனிதர்களாகவே பேசுவார்கள். அதே வளாகத்தில், அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் குடியிருப்பில் உள்ள பூர்வகுடி ஊழியர்கள் இன்றைய மனிதர்களாகவே பேசுவார்கள். தங்கள் மக்களுக்குப் பின்னாளில் நேர்ந்ததை 1620-களில் வாழ்வதாக நடிப்பவரால் எப்படிச் சொல்ல முடியும்? அடிமைமுறை பற்றிப் பேச வேண்டிய இடங்களிலும் நான் இன்றைய குரலையே தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: அங்கே எனக்கு யாரையும் தெரியாதே?

பதில்: உங்கள் கொட்டகையில் இன்னதென்றே தெரியாமல் கிடக்கும் கருவி ஒன்றை, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து வாருங்கள். சாப்பாட்டு மேசையில் அந்தப் படத்தை வைத்தால் நாலு பேராவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள்.