அந்த மண் பொம்மைக்கு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க

மெக்சிகோவுல வேலை பாக்குற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார். மெக்சிகோ சிட்டி பக்கத்துல இருக்கற தியோதிவாக்கான்ங்கற பழைய நகரத்து பிரமிடு பாக்கப் போன இடத்துல ஒரு ஆளு தனியா ஓரமா கூப்பிட்டு, பேப்பர்ல சுத்தி வச்சிருந்த மண் பொம்மைய காட்டி "மாயா காலத்து ஒரிஜினல், 3000 வருஷம் பழசு, கார்பன் டேட்டிங் பண்ணது, சர்டிபிகேட்டும் தர்றேன்"னாராம். வாங்கி ஊருக்கு கொண்டு வரலாமா, ஏர்போர்ட்ல பிரச்சினை வருமா?

வாங்காதீங்க. போலின்னா காசு போச்சு, நிஜம்னா நீங்களே மாட்டிப்பீங்க. 1972 சட்டப்படி ஸ்பெயின்காரங்க வர்றதுக்கு முந்தின காலத்து பொருள் எல்லாமே மெக்சிகோ நாட்டோட சொத்து, வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போகவே கூடாது. சின்னது, உடைஞ்சதுங்கற சமாதானமெல்லாம் எடுபடாது, கீழ கிடந்த ஓட்டுத்துண்டக் கூட பாக்கெட்ல போட்டுக்காதீங்க.

அவர் சொன்ன கதையும் ஒட்டல பாருங்க. மாயாங்கறது ஒரு பழங்கால நாகரிகம், தியோதிவாக்கான் அந்த மாயாக்காரங்க நகரமே இல்ல, அவங்க ஊரெல்லாம் தூரத்துல தென்கிழக்குல யூகாடன், சியாபாஸ், குவாதமாலா பக்கம். 3000 வருஷத்துக்கு முந்தின்னா வளைகுடா கரையோரம் பெரிய பெரிய கல் தலை செதுக்கின ஓல்மெக் ஆளுங்க காலம், தியோதிவாக்கான் கொடிகட்டிப் பறந்ததே கி.பி. முதல் அஞ்சாறு நூற்றாண்டுல தான். டூரிஸ்டுக்கு மாயாங்கற பேரு தான் தெரியும்னு எதக் கண்டாலும் மாயான்னு சொல்லி தலைல கட்டறாங்க. கார்பன் டேட்டிங்கும் அப்படித்தான், எலும்பு, கரி, விதை மாதிரி ஒரு காலத்துல உயிரோட இருந்த பொருளுக்குத் தான் அது, சுட்ட மண்ணுக்கு நேரடியா ஆகாது.

சர்டிபிகேட்ல கையெழுத்து போடறதே விக்கறவர் தான், அதுக்கு என்ன மதிப்பு? பெரிய நிபுணர்களே ஏமாந்திருக்காங்க. மெக்சிகோவோட வெராகுருஸ் மாநிலத்துல பிரிகிடோ லாரான்னு ஒருத்தர், 1974ல பழம்பொருள் திருடினார்னு பிடிச்சு உள்ள போட்டாங்க. அவர் "இதெல்லாம் நான் செஞ்சது"ன்னு சொல்லி, ஜெயிலுக்கே களிமண் வரவழைச்சு அதே மாதிரி செஞ்சு காட்டினார், அதையும் நிபுணர்கள் பழசுன்னாங்க, அப்புறம் தான் விட்டாங்க. அவர் கைல செஞ்சது வெளிநாட்டு மியூசியம் வரைக்கும் பழசுன்னு போயிருக்கு. அப்படி இருக்கறப்ப நீங்க வெயில்ல நின்னு ரெண்டு நிமிஷம் பாத்து என்ன கண்டுபிடிச்சிட முடியும்?

இன்னொரு பொறி இருக்கு, இதுல படிச்சவங்களே விழறாங்க. "சட்டம் வர்றதுக்கு முந்தியே எங்க தாத்தா சேத்தது"ம்பாங்க. அந்த மாதிரி பழைய பொருள் சில வீடுகள்ல இருக்கறது உண்மை தான், ஆனா அத தொல்லியல் துறைல பதிவு பண்ணியிருக்கணும், பதிவு பண்ணி வச்சிருக்கறதால அது அவங்க சொத்தாயிடாது, பாத்துக்கற பொறுப்பு மட்டும் தான் அவங்களோடது. தாத்தா 1960ல வாங்கினாலும் சரி 1930ல வாங்கினாலும் சரி, உங்க சூட்கேஸ்ல ஏற அந்தக் கதை உதவாது, ஏன்னா வெளிநாட்டுக்கு அனுப்பறதுக்குன்னு இருக்கற ஒரே வழி ஜனாதிபதி ஒப்புதலோட இன்னொரு அரசாங்கத்துக்கோ அறிவியல் நிறுவனத்துக்கோ குடுக்கறது, தனி ஆளுக்கு இல்ல.

எனக்கு எரிச்சல் என்னன்னா, 2021ல பாரிஸ்ல இந்த மாதிரி பொருளயெல்லாம் பகிரங்கமா ஏலம் விட்டாங்க, மெக்சிகோ அரசாங்கம் கத்தியும் நிக்கல. பெரிய டீலர் கோட்டு போட்டு விப்பான், ஏர்போர்ட்ல பையத் திறந்து காட்டறது உங்கள மாதிரி ஆளு. அதுக்காக நீங்களும் வாங்கலாம்னு ஆயிடாது, நீங்க குடுக்கற காசுக்குத் தான் ராத்திரில திருடன் பழைய கல்லறைய தோண்டறான். ஒரு பொம்மைய பிடுங்கி எடுத்துட்டா அது யார் பக்கத்துல இருந்துச்சு, எந்தத் தரை மேல இருந்துச்சுன்னு யாராலயும் திரும்ப சொல்ல முடியாது.

ஆசையா இருந்தா புதுசா செஞ்சதையே வாங்குங்க. தியோதிவாக்கான் சுத்தி அப்சிடியன்ங்கற எரிமலைக் கண்ணாடிக் கல்லுல வேலை செய்யறவங்க இருக்காங்க, யூகாடன்ல டிகுல் ஊர்ல மாயா பாணி மண் வேலை அருமையா பண்றாங்க. செஞ்சவர் பேர அடியில கீறித் தரச் சொல்லுங்க, பில்லுல கைவினைப் பொருள், நகல்னு ஸ்பானிஷ்ல எழுதி வாங்குங்க, அத பொருளோடயே வைங்க. அப்சிடியன் கத்தின்னா செக்-இன் பேக்ல போடுங்க, அது நிஜமாவே வெட்டும், கைப்பைல விடமாட்டாங்க.