போடிமெட்டு ஏறினால் சார்ஜ் தாங்குமா?

கேள்வி: சார், எனக்கு ஏலக்காய் வியாபாரம். போடியிலிருந்து கேரளத்தில் இருக்கும் பூப்பாறைக்கு அடிக்கடி போய்வருவேன். 40 யூனிட் பேட்டரி உள்ள மின்சாரக் கார் 400 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். மலையில் நடக்குமா?
– வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: 400-ஐ மறந்துவிடுங்கள். அது ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏசி போடாமல் எடுத்த கணக்கு. தேனி பக்கம் சமவெளியில் 70, 80 வேகத்தில் ஏசியோடு போனால் யூனிட்டுக்கு 6, 7 கிலோமீட்டர், அதாவது 250-க்குக் கொஞ்சம் மேலே. 100-ஐத் தாண்டி மிதித்தால் இன்னும் குறையும், ஏனென்றால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது.

சரி, மலைக்கு வருவோம். பூப்பாறை போகும் வழியில் மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்குப் போடியிலிருந்து சுமார் 1,000 மீட்டர் ஏற்றம். ஆட்களோடு 1,700 கிலோ இருக்கும் காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே 4.6 யூனிட் வேண்டும், மோட்டார் இழப்பு, டயர் உராய்வு எல்லாம் சேர்த்தால் 7 யூனிட்டாவது போகும். திரையில் மிச்ச தூரம் மளமளவென்று குறையும், பயந்துவிடாதீர்கள். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி ஒன்றிரண்டு யூனிட்டைத் திரும்ப ஏற்றிவிடும், பிரேக் கட்டையும் அவ்வளவாகத் தேயாது. (டிக்கியில் ஏலக்காய் மூட்டை இருந்தால் இறக்கத்தில் இன்னும் லாபம்தான்!) ஆனால் மேலே 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள், நிரம்பிய பேட்டரி எதையும் வாங்கிக்கொள்ளாது, அப்புறம் பிரேக்தான் சூடாகும். பூப்பாறை போய்வர வீட்டில் போடும் சார்ஜே தாராளம்.